வால்வு மேல் பழி போடாதீர்கள்

ரேடியோவின் பவரைக் கூட்டித் தரும் லீனியர் படுத்துவிட்டது என்று யார் போன் செய்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "வால்வு போயிடுச்சு சார்." எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. பெட்டிக்குள் பளிச்சென்று எரிகிற கண்ணாடிக் குழாய் அதுதான், விலை அதிகமும் அதுதான். அதனால் சந்தேகமும் முதலில் அதன் மேல் விழுகிறது. என் மேஜைக்கு வந்த பெட்டிகளில் வால்வு நிஜமாகவே செத்துப் போனவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன சாமான்கள் பார்த்த வேலை.

நான் வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 1999 பிப்ரவரி 1 முதல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற தானியங்கிக் கப்பல் அபாய அழைப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், மோர்ஸ் சாவியோடு சேர்த்து எங்களையும் கரையில் இறக்கிவிட்டார்கள். இப்போது கொளத்தூரில் மாடி அறையில் ஹாம் நண்பர்களின், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களின், பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் பொழுது. கடையெல்லாம் இல்லை, போர்டும் மாட்டவில்லை.

ஹாம் அல்லாதவர்களும் இங்கே வருகிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை. நம் ரிக், அதாவது பேசுகிற ரேடியோ பெட்டி, 100 வாட் தரும். அதை நான்கு மடங்கு, ஐந்து மடங்கு ஆக்கி ஏரியலுக்கு அனுப்புகிற பெட்டிதான் லீனியர். டிரான்சிஸ்டர் லீனியர்கள் வந்துவிட்டாலும், சென்னையில் பலர் வீட்டில் இன்னும் ஓடுவது வால்வு வைத்தவைதான். வால்வுக்குள் சூடான ஃபிலமென்ட் எலெக்ட்ரான்களை விடும், கிரிட் அவற்றைக் கட்டுப்படுத்தும், பிளேட் வாங்கிக்கொள்ளும். அந்தப் பிளேட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். பேச்சே இங்கேதான் சீரியஸாகிறது.

சமீபத்தில் வந்தது ஒரு ஹீத்கிட் எஸ்.பி. 220. இரண்டு 3-500இசட் வால்வு, பிளேட்டில் ஏறத்தாழ 3000 வோல்ட். வைத்திருப்பவர் திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுச் சாமானோடு கொண்டுவந்த பெட்டி.

"ஆன் பண்ணி கொஞ்ச நேரத்துல டப்புனு ஒரு சத்தம் சார். பிரேக்கர் விழுந்துடுது. மறுபடி போட்டா மறுபடியும் டப்பு. வால்வு ஷார்ட்தான். ஒரு ஜோடி ஆர்டர் போட்டுடவா?"

"போடாதீங்க. பெட்டியைக் கொண்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, இனிமே ஆன் பண்ணிப் பார்க்காதீங்க."

பிரேக்கர் ஒரு தடவை விழுந்தால் அது தகவல். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், ஒரு ரிப்பேரை நான்கு ரிப்பேர் ஆக்குகிறோம். இவர் பெட்டியில் அதுதான் நடந்திருந்தது, பிறகு சொல்கிறேன்.

வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். வால்வை மாட்டியபடியே வேளச்சேரி மேம்பாலங்களில் ஏற்றி இறக்கினால் உள்ளே ஃபிலமென்ட் நொறுங்கும். அப்போது நிஜமாகவே வால்வு போயிருக்கும்.

என் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. லீனியரின் மூடியைத் திறக்கும்போது பிளக் என் மனைவியிடம் இருக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி ஒயரோடு அவள் மடியில் போட்டுவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் போனில் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். "ஏங்க, போடட்டுமா?" என்று அவள் கேட்டு, நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் பிளக் சுவருக்குப் போகும். தனியாக இருக்கும்போது இந்தப் பெட்டிகளைத் திறக்கவே மாட்டேன்.

பிளக்கைப் பிடுங்கினாலும் ஆபத்து போய்விடாது. எஸ்.பி. 220-இல் 200 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர்கள் எட்டு, வரிசையாக இருக்கின்றன. எட்டும் சேர்ந்து 25 மைக்ரோஃபாரட். 3000 வோல்ட்டில் அதில் தேங்கி நிற்கும் சக்தி 112 ஜூல். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வைத்துக் கொடுக்கிற ஷாக் பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் வரைக்கும்தான். ஓடுகிற இதயத்தை நிறுத்த அதைவிடக் குறைவு போதும்.

"எங்க வீட்ல ஈ.எல்.சி.பி. இருக்கு சார்" என்று ஒரு பதில் வரும். அது 230 வோல்ட் லைனில் போன கரன்ட் அப்படியே திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கிற கருவி. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உங்கள் கை வழியாக என்ன பாய்ந்தாலும் அதற்குத் தெரியாது. கண்டன்சரில் தேங்கியதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கண்டன்சர்களைக் காலி செய்ய ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறது. இந்தப் பெட்டியில் ஒவ்வொன்றும் 30 கிலோ ஓம், மொத்தம் 240. கணக்குப் போட்டால் 3000 வோல்ட் 50 வோல்ட்டுக்கு இறங்க அரை நிமிடம் போதும். ஆனால் இந்தக் கணக்கு ரெசிஸ்டர் எட்டும் நன்றாக இருந்தால்தான் சரி. ஒன்று திறந்துபோனால் அதன் கண்டன்சர் மட்டும் நானூறு வோல்ட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். முன்பக்க மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பவும் முடியாது. ஹை வோல்ட்டேஜ் மீட்டருக்குப் போகும் வழியில் மெகா ஓம் கணக்கில் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் சூடாகி அவற்றில் ஒன்று திறந்துகொண்டால், உள்ளே 3000 வோல்ட் இருக்கும்போதே முள் பூஜ்யத்தில் நிற்கும்.

அதனால் குச்சி. இரண்டடி பி.வி.சி. பைப், முனையில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு வயர்வுண்ட் ரெசிஸ்டர் வழியாகத் தடித்த ஒயர், ஒயர் முனையில் கிளிப். கிளிப்பை முதலில் சேஸிஸில், அதாவது பெட்டியின் உலோகச் சட்டத்தில், கவ்வ வைக்க வேண்டும், பிறகுதான் கொக்கியை பி பிளஸ், அதாவது ஹை வோல்ட்டேஜின் பிளஸ் முனை, மேல் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் குச்சியின் ஒயரே 3000 வோல்ட்டில் தொங்கும். அப்புறம் ஒவ்வொரு கண்டன்சரையும் தனித்தனியாகத் தொட்டு, கடைசியில் பி பிளஸ்ஸிலிருந்து சேஸிஸுக்கும் பி மைனஸுக்கும் நேரடியாகக் கிளிப் போட்டு, வேலை முடியும் வரை அப்படியே விட்டுவிடுவேன். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை ஒரு தடவை ஷார்ட் செய்து எடுத்தால், கொஞ்ச நேரத்தில் தானாகவே கொஞ்சம் வோல்ட் ஏறிக்கொள்ளும். பெரிய கண்டன்சர்களில் அது சுளீர் என்று கடிக்கும். கடித்த வேகத்தில் கையை இழுத்து வேறெங்காவது இடித்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

மோதிரம், வாட்ச், ஈர பனியன், வெறுங்கால் எதுவும் கூடாது. சென்னை மே மாதத்தில் இதைச் சொல்வது சுலபம்தான், தெரியும். மேஜைக்குக் கீழே ரப்பர் பாய், இடது கை பாக்கெட்டில்.

இனி திருவான்மியூர் பெட்டி. லீனியர் ரிப்பேரில் முக்கால்வாசி வேலை கரன்ட் இல்லாமலே முடியும், முடிய வேண்டும். வால்வு இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். ஃபிலமென்டுக்குக் கன்டின்யூட்டி இருக்கிறது. கிரிட்டுக்கும் ஃபிலமென்டுக்கும் தொடர்பில்லை. தட்டிப் பார்த்தாலும் இல்லை. அடுத்து, வால்வு இல்லாத பெட்டியில் கிளிப்பை எடுத்துவிட்டு பி பிளஸ்ஸுக்கும் பி மைனஸுக்கும் நடுவே பார்த்தேன்: 240 கிலோ ஓம். பிளீடர்கள் நன்றாகவே இருக்கின்றன. பி பிளஸ்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பார்த்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, தொடர்பே அறுந்திருக்கிறது.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டிகளில் பி மைனஸ் நேராக சேஸிஸில் சேராது. நடுவே ஒரு ஓமுக்கும் குறைவான ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். கிரிட் கரன்டை அளப்பதற்காக வைத்தது. பி பிளஸ் எங்காவது சேஸிஸுக்குத் தாவினால், கண்டன்சரில் இருந்த மொத்தமும் இந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் "டப்பு"வைத் தாங்கியிருக்கலாம். நண்பர் திரும்பத் திரும்ப ஆன் செய்ததில் அது கருகிக் கரித்துண்டாகிவிட்டது. அது போனபிறகு பி மைனஸ் அந்தரத்தில். சேஸிஸுக்கும் அதற்கும் நடுவே முழு ஹை வோல்ட்டேஜும் வந்து நிற்கலாம். மீட்டர் ஒயர், சுவிட்ச் எல்லாம் அதைத் தாங்கச் செய்தவை அல்ல.

சரி, தாவியது எங்கிருந்து? வால்வுக்குள் பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குத் தாவினாலும் இதே ரெசிஸ்டர்தான் போகும். ஆகவே வால்வு இன்னும் குற்றவாளிக் கூண்டில்தான். மல்டிமீட்டரால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது, அதன் பேட்டரி சில வோல்ட். இன்சுலேஷன் லீக் பார்க்கிற கப்பல் காலத்து மெகர் ஒன்று என்னிடம் உண்டு, கையால் சுற்றுகிற வகை, 1000 வோல்ட். ஃபில்டர் போர்டிலிருந்து பி பிளஸ் ஒயரைப் பிரித்துவிட்டு, வால்வுகள் மேஜையில் கிடக்கும்போதே, பிளேட்டுக்கு ஹை வோல்ட்டேஜைக் கொண்டுபோகும் சுருளான பிளேட் சோக் பக்கத்திலிருந்து சேஸிஸுக்கு மெகரைப் போட்டுச் சுற்றினேன். முள் முடிவிலிக்குப் போக வேண்டியது. பாதி வழியில் நடுங்கிவிட்டுக் கீழே விழுந்தது. வால்வு பெட்டியிலேயே இல்லை, ஆனால் லீக் இருக்கிறது. வழக்கு முடிந்தது.

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகத் தேடினேன். பிளேட் சோக்கின் அடியில், பி பிளஸ் வந்து சேருகிற முனைக்குப் பக்கத்தில், ஒரு பல்லி. குட்டிப் பல்லி, காய்ந்து கருவாடாகியிருந்தது. தலை ஹை வோல்ட்டேஜ் முனையில், வால் சேஸிஸ் திருகில். முன்னங்கால் விரல்கள் பீங்கான் ஸ்டாண்ட்-ஆஃப் இன்சுலேட்டர் மேல் விரிந்தபடி அப்படியே ஒட்டியிருந்தன. வயிற்றுக்குக் கீழே பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. பல்லியைச் சிமிட்டாவால் எடுத்தபிறகும் அந்தக் கோடு இருந்தது. மெகர் சுற்றிப் பார்த்தேன், லீக்கும் இருந்தது.

அந்தக் கோடுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு மூடியை மூடினால், அதே வழியில் மறுபடியும் தாவும். கரி கரன்டைக் கடத்தும். பீங்கானாக இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தேய்த்துச் சுத்தம் செய்ய முடியும். பழுப்பு நிற பேக்கலைட் பலகையில் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. கரி உள்ளே இறங்கியிருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும், இல்லை பலகையையே மாற்ற வேண்டும். கூடவே திருவான்மியூர் உப்புக்காற்று வேறு. எல்லா இன்சுலேட்டர் மேலும் பிசுபிசுவென்று ஒரு படலம். அதையும் துடைத்தபிறகுதான் மெகர் முள் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

வால்வு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஊரை மாற்ற முடியாது. பின்பக்கத்தில் சும்மா இருக்கும் ஓட்டைகளை மூடி, காற்றுத் துளைகளில் பெரிய கண் வைத்த எஃகு வலை போட்டேன். கொசுவலை போட்டுவிடாதீர்கள். காற்று குறைந்தால் 3-500இசட்டின் அடி முனைகள் சூடேறும். அந்த முனைகளுக்குள் இருப்பது வெறும் சால்டர்தான், அது உருகி இறங்கிவிடும். "அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் பவர் குறையுது" என்று வந்த ஒரு பெட்டியில் இதுதான் நோய். சாக்கெட்டைச் சுத்தம் செய்து, வால்வு முனைகளில் மறுபடி சால்டர் விட்டதும் சரியாகிவிட்டது. அந்த வால்வுகளையும் தூக்கிப்போடத்தான் சொல்லியிருந்தார்கள்.

ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தேன். கருகிய ரெசிஸ்டருக்கு மாற்று, அதற்குப் பக்கத்திலேயே எதிரெதிராக இரண்டு 1என்5408 டையோடு. அடுத்த பல்லி விழுந்தால் பி மைனஸ் அந்தரத்துக்குப் போகாமல் இந்த டையோடுகள் பிடித்துக்கொள்ளும். பி பிளஸ் ஒயரில் 50 ஓம் வயர்வுண்ட் ஒன்று. ஷார்ட் ஆனால் கரன்டை 60 ஆம்பியருக்குள் நிறுத்திவைக்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பாயும் என்பது ஒயரின் தடிமனைப் பொறுத்தது.

கண்டன்சர்களும் வயதானவை, மாற்றிவிடலாம் என்று முடிவு. அந்தத் தெருவில் கண்டன்சர் வாங்குவது ஒரு தனிக் கலை. ஒருமுறை வாங்கிய 450 வோல்ட் சாமானின் பிளாஸ்டிக் உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு உறை, அதில் 250 வோல்ட் என்று இருந்தது. அதிலிருந்து, எட்டு வேண்டுமென்றால் இரண்டு கூடுதலாக வாங்கி, ஒவ்வொன்றையும் 400 வோல்ட்டில் ஊறவைத்து, லீக் பார்த்துத்தான் போர்டில் ஏற்றுகிறேன். பிளீடர்களுக்கு 30 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் மெட்டல் ஆக்சைடு போட்டேன். சூடு குறையும், கண்டன்சர் அதிக நாள் வரும். ஆனால் காலியாகிற நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடமாகிவிடும். இதை ஒரு சீட்டில் எழுதி மூடிக்குள் ஒட்டிவைத்தேன். நாளைக்கு வேறொருவர் திறப்பார், அவருக்குப் பழைய கணக்குதான் தெரிந்திருக்கும்.

முதல் ஆன் எப்போதும் சீரிஸ் போர்டு வழியாகத்தான், வால்வு இல்லாமல். நம்ம ஊர் எலெக்ட்ரீஷியன் எல்லோரிடமும் இருக்கிற அதே போர்டு, கரன்ட் ஒரு பல்பு வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். 200 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. இதற்கு உதவாது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால், கண்டன்சர்கள் நிறைந்தன, ஷார்ட் இல்லை என்று அர்த்தம். எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டுப் பழையபடி மெகர். மங்கியது.

வால்வுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இவ்வளவு நேரம் அவற்றுக்கு வக்காலத்து வாங்கிவிட்டேன். அவை கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. அலமாரியில் பல வருஷம் தூங்கிய வால்வுக்குள் காற்று மெல்ல மெல்லச் சேரும். கண்ணாடியின் உட்புறத்தில் நீலமாக ஒட்டிக்கொண்டு தெரிந்தால் பயமில்லை. பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவில் ஊதாப் புகை போல நின்றால் அது வாயு. 3-500இசட்டில் அந்த வாயுவைப் பிடிக்கிற பூச்சு பிளேட் மேலேயே இருக்கிறது, பிளேட் மங்கலாகச் சிவந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே ஸ்பேர் ஜோடியை வாங்கிப் பத்திரமாகப் பூட்டிவைப்பது பத்திரமே இல்லை. அவ்வப்போது மாற்றிப் போட்டு ஓட்டுங்கள்.

இன்னொரு புகார், "சாயங்காலமானா வால்வு வீக்காயிடுது." காலையில் நன்றாக இருந்த வால்வு சாயங்காலம் எப்படி வீக்காகும்? கோடையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது வீட்டுக்கு வருவது 200 வோல்ட். பெட்டி 240-க்குக் கட்டியது. ஃபிலமென்டுக்கு 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 4.2 தான் போகும். வால்வு முனையிலேயே அளந்து பாருங்கள், 4.75-க்குக் கீழே இருந்தால் குற்றம் வால்வுடையதல்ல. இதே கையோடு மூன்றாவது பின்னில் நிஜமாக எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அடுக்குமாடிகளில் பின் இருக்கும், எர்த் குழி வறண்டிருக்கும். லீனியருக்கு 16 ஆம்பியர் பிளக்கும் உருப்படியான எர்த்தும் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பெட்டி இப்போது திருவான்மியூரில் பழையபடி ஓடுகிறது. எஸ்.பி. 220 எஸ்.எஸ்.பி. என்ற பேச்சு முறையில் 2000 வாட் இன்புட்டுக்குச் செய்தது. நம் ஜெனரல் லைசென்ஸில் 400 வாட்தான். அதனால் ரிக்கின் டிரைவை, அதாவது லீனியருக்குள் அனுப்பும் பவரை, குறைத்து வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன். வால்வுக்கும் அது நல்லது, பக்கத்து வீட்டு டி.வி.க்கும் நல்லது.

அவர் கிளம்பும்போது கேட்டது: "புது ரிக் வாங்கியிருக்கேன் சார், பின்னாடி லீனியர்னு ஒரு ஜாக் இருக்கு, நேரா சொருகிடலாமா?" கூடாது. இந்தப் பழைய பெட்டிகளில், பேசும்போது லீனியரை இயக்குகிற ரிலே லைனில் நூறு வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். அந்தக் காலத்து ரிக்கில் ரிலே இருந்தது, தாங்கியது. இப்போதைய ரிக்கில் இருப்பது ஒரு குட்டி டிரான்சிஸ்டர், ஒரே சொருகலில் போய்விடும். நடுவே ஒரு சின்ன ரிலேயோ ஆப்டோகப்ளரோ வேண்டும், செலவு ஒன்றுமில்லை. உங்களிடமும் பழைய லீனியர் இருந்தால், கேபிளைச் சொருகும் முன் அந்த ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 20 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எனக்கு எழுதுங்கள், சர்க்யூட் வரைந்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பதிலை எதிர்பார்க்காதீர்கள், அப்போது நான் 40 மீட்டர் அலைவரிசையில் இருப்பேன்.